வாளும் மேய்ப்புக்கோலும்: ஆயர்கள் அரசாண்ட ஊர்களில் ஆறு நாட்கள்

முதல் நாள் – சால்ஸ்பர்க் கோட்டை

மியூனிக்கிலிருந்து ரயிலேறி முற்பகலில் சால்ஸ்பர்க் வந்து சேர்ந்தோம். உடன் வந்திருப்பவள் என் அக்கா மகள் கயல். மியூனிக்கில் வேலை பார்க்கிறாள். தன் ஒரு வார விடுப்பை மாமாவின் சரித்திரப் பித்துக்குத் தாரை வார்த்திருக்கிறாள். "இந்த ஊருக்கு எல்லாரும் மோட்சார்ட்டுக்காக வர்றாங்க. நீங்க மட்டும் அவரை விரட்டின ஆளைத் தேடி வர்றீங்க, மாமா" என்றாள். அது உண்மைதான். 1781-இல் மோட்சார்ட் சண்டையிட்டுக்கொண்டு வேலையை விட்டாரே, அந்த எஜமானர் ஹீரோனிமுஸ் கொலொரேடோ, இந்த ஊரின் பேராயர். அதே நேரத்தில் இந்த நாட்டின் அரசரும் அவரே. இசைக் கலைஞரைச் சமையற்காரர்களோடு ஒரே பந்தியில் உட்காரவைத்த அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. ஆனால் பலிபீடத்தில் நின்று திருப்பலி நிறைவேற்றுகிறவர், கீழே இறங்கிவந்து வரி வசூலித்து, நாணயம் அடித்து, படை வைத்து, கொலைக்குற்றவாளிக்குத் தூக்குத் தண்டனையும் விதிக்கும் ஓர் ஏற்பாடு, ஐரோப்பாவின் நடுவில் ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் எப்படி நிலைத்தது என்ற கேள்வி நெடுநாளாக என்னை விடவில்லை.

தமிழில் நாம் பிஷப்பை ஆயர் என்கிறோம். மந்தையை மேய்ப்பவர் என்று பொருள். அவர் கையில் இருக்கும் வளைந்த தலையுடைய கோலும் மேய்ப்பனின் கோல்தான். மறு கையில் வாளும் இருந்தால் அவரை எப்படி அழைப்பது? ஜெர்மன் மொழியில் ஃபூர்ஸ்ட்பிஷோஃப் என்று இரண்டு பட்டங்களையும் ஒட்டவைத்து ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். நான் இந்தக் குறிப்புகளில் அரச ஆயர் என்றே எழுதப்போகிறேன்.

மலையுச்சியில் இருக்கும் ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டையை 1077-இல் கட்டத் தொடங்கியவர் பேராயர் கெப்ஹார்ட். ஆயர்களை நியமிக்கும் உரிமை போப்புக்கா, ஜெர்மன் நாடுகளுக்கெல்லாம் மேலே இருந்த புனித ரோமப் பேரரசருக்கா என்று பெரும் சண்டை நடந்த காலம் அது. கெப்ஹார்ட் போப்பின் பக்கம் நின்றதால், பேரரசரின் படைக்கு அஞ்சி இந்தப் பாறையின் மேல் சுவர் எழுப்பினார். ஆன்மாக்களைக் காக்க வந்தவர் முதலில் தன் தலையைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று நாம் பார்க்கும் உருவத்தைக் கொடுத்தவர் 1495 முதல் 1519 வரை ஆண்ட லியோன்ஹார்ட் ஃபோன் கோய்ட்ஷாக். அவருடைய குடும்பச் சின்னம் டர்னிப் கிழங்கு. கோட்டைச் சுவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அந்தக் கிழங்கைச் செதுக்கி வைத்திருக்கிறார். கயல் பதினொன்றுவரை எண்ணிவிட்டுச் சலித்துப்போனாள். அவருக்குப் பின் வந்த மத்தேயுஸ் லாங், 1525-இல் உழவர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் கிளர்ந்தெழுந்தபோது இதே சுவருக்குள் முற்றுகையில் கிடந்தார். மேலிருந்து பார்த்தால் பேராலயம், அரண்மனை, சந்தைவெளி எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகின்றன. பீரங்கிகள் பகைவரை நோக்கியா, சொந்தக் குடிமக்களை நோக்கியா நின்றன என்ற ஐயம் அங்கே நிற்கும்போது எவருக்கும் வரும்.

மாலையில் பேராலயம். வாயிற்கதவுகளுக்கு மேலே 774, 1628, 1959 என்று மூன்று ஆண்டுகள் பொறித்திருக்கின்றன: முதல் பேராலயம் அர்ப்பணிக்கப்பட்டது, இப்போதைய கட்டடம் அர்ப்பணிக்கப்பட்டது, 1944-இல் குண்டு விழுந்து இடிந்த குவிமாடத்தைச் சீரமைத்து மீண்டும் திறந்தது. 1628-இல் நடந்த அந்த விழா முப்பதாண்டுப் போரின் நடுவே நடந்தது. சுற்றிலும் ஜெர்மன் நாடுகள் எரிந்துகொண்டிருந்தபோது பேராயர் பாரிஸ் லோட்ரோன் தன் நாட்டைப் போருக்குள் இழுபடாமல் காத்தார். இந்த வரிசையில் நான் மனதார மதிக்கும் சிலரில் அவர் ஒருவர்.

இரண்டாம் நாள் – வாரிசு இல்லாத அரசர்

இன்று முழுவதும் ஒரே மனிதரைப் பின்தொடர்ந்தோம். வோல்ஃப் டீட்ரிக் ஃபோன் ரைட்டெனாவ் 1587-இல் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அவருடைய தாயின் தாய்மாமன் போப் நான்காம் பயஸ். ரோமில் படித்து, ரோமைப்போல் ஒரு நகரத்தை ஆல்ப்ஸ் அடிவாரத்தில் எழுப்பவேண்டும் என்ற கனவோடு திரும்பியவர். 1598-இல் பழைய பேராலயம் தீப்பிடித்தபோது, எரிந்தால் எரியட்டும் என்று அவர் சொன்னதாக ஊரில் ஒரு கதை உண்டு. சொன்னாரோ இல்லையோ, எஞ்சியதை இடித்துத் தள்ளினார். கூடவே வீடுகளையும் அகற்றி, இன்று சுற்றுலாப் பயணிகள் குதிரைவண்டியில் வலம்வரும் அந்த அகன்ற சதுக்கங்களுக்கு இடம் ஏற்படுத்தினார்.

அவருக்குச் சலோமே ஆல்ட் என்ற வணிகர் வீட்டுப் பெண்ணோடு வாழ்க்கை அமைந்தது. பதினைந்து குழந்தைகள் பிறந்தனர். திருமணத்துக்கு ரோமிலிருந்து அனுமதி வரும் என்று கடைசிவரை நம்பியிருந்தார், வரவில்லை. 1606-இல் ஆற்றின் மறுகரையில் அவளுக்கென்று ஆல்டெனாவ் என்ற மாளிகையைக் கட்டினார். இன்று மிராபெல் என்று உலகமே புகைப்படம் எடுக்கும் மாளிகை அதுதான். பூச்செடிகளின் வரிசைக்கு நேராகப் பார்த்தால் தொலைவில் கோட்டை தெரிகிறது. அந்த நேர்கோட்டுக்கு ஒரு கொடுமையான பொருள் இருப்பது, நடந்த கதை தெரிந்தவர்களுக்கு மட்டுமே விளங்கும்.

பவேரியாவோடு அவருக்கு உப்பு வணிகத்தில் தகராறு. 1611-இல் அண்டையிலிருந்த பெர்ஷ்டெஸ்காடன் என்ற சின்னஞ்சிறு சமய நாட்டுக்குள் தன் படையை அனுப்பினார். அதுவும் ஒரு துறவியர் மடத்தலைவர் அரசாண்ட நாடுதான். பவேரியக் கோமகன் மாக்சிமிலியான் திரும்ப வந்து அடித்தார். தெற்கே தப்பியோடிய பேராயரை வழியிலேயே பிடித்து, பதவி விலகச்செய்து, அவருடைய சொந்தக் கோட்டையிலேயே அடைத்துவைத்தார்கள். 1617-இல் அங்கேயே இறந்தார். அடுத்துப் பதவிக்கு வந்து அவரைச் சிறையிலேயே வைத்திருந்தவர் மார்க்குஸ் சிட்டிகுஸ். வேறு யாருமல்ல, அவருடைய சொந்தத் தாய்மாமன் மகன். வந்தவுடன் ஆல்டெனாவ் என்ற பெயரையும் அழித்து மிராபெல் என்று மாற்றினார்.

"பதினஞ்சு பிள்ளைங்க இருந்தும் ஒருத்தருக்கும் பட்டம் கிடைக்கலையா?" என்று கயல் கேட்டாள். கிடைக்காது. அரச ஆயரின் ஆட்சியில் மையமான ஏற்பாடே அதுதான். அவர் ஆண்ட நிலம் அவருடையதல்ல. சட்டப்படி அவருக்கு மனைவி இல்லை, மகன் இல்லை; அவர் கண்மூடியவுடன் பேராலயத்தின் பிரபு குலத்துக் குருக்கள் சிலர் கூடி அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வுக்கு முன்பே, இன்ன வரியை உயர்த்தமாட்டேன், உங்கள் சலுகைகளைத் தொடமாட்டேன் என்று வேட்பாளரிடம் எழுதி வாங்கிக்கொள்வதும் உண்டு. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்குத் தங்கத் தகடு வேய்வதுபோல், இவர்கள் ஏன் இவ்வளவு கட்டினார்கள் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பெயரைச் சொல்லப் பிள்ளை இல்லாதவர்கள் கல்லிடம் சொல்லிவைத்துவிட்டுப் போனார்கள்.

பிற்பகலில் மார்க்குஸ் சிட்டிகுஸ் கட்டிய ஹெல்புருன் மாளிகை. இரவு தங்குவதற்கன்று, பகல் பொழுதைக் கழிப்பதற்காகவே கட்டியது. தோட்டத்தில் ஒரு கல்மேசை. அதைச் சுற்றிக் கல்லிருக்கைகள். விருந்தினர் உண்டு களித்திருக்கும்போது இருக்கைகளின் நடுவிலிருந்து தண்ணீர் பீறிட்டு அடிக்கும்; பேராயர் அமர்ந்திருக்கும் இருக்கையில் மட்டும் துளை இல்லை. அரசர் எழாதவரை விருந்தினர் எழக்கூடாது என்பது மரபு. நனைந்துகொண்டே சிரிக்கவேண்டும். நான்கு நூற்றாண்டு கழித்தும் வழிகாட்டி அதே இடத்தில் நின்று குழாயைத் திருப்புகிறார்; நானும் நனைந்தேன், நானும் சிரித்தேன். அதிகாரம் என்றால் என்ன என்று பாடம் நடத்த அந்த ஒரு மேசை போதும்.

மூன்றாம் நாள் – ஹாலைன், உப்பு

சால்ஸ்பர்க் என்றாலே உப்புக்கோட்டை. தெற்கே சிறிது தொலைவில் ஹாலைன் ஊருக்கு மேலே டூர்ன்பெர்க் மலையில் உப்புச் சுரங்கம் இருக்கிறது. 1989 வரை உப்பு எடுத்தார்கள். இப்போது காட்சிக்கு மட்டும். வெள்ளை அங்கியை மாட்டிவிட்டு, வழவழப்பான மரச்சறுக்கில் இருவர் இருவராக உட்காரவைத்துக் கீழே விடுகிறார்கள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இறங்கியபின்தான் அது நினைவுக்கு வந்தது.

இங்கே உப்பை வெட்டிச் சுமந்துவருவது குறைவு. மலைக்குள் அறை தோண்டி நன்னீரை விடுவார்கள். நீர் வாரக்கணக்கில் பாறையிலிருந்து உப்பைக் கரைத்துக்கொள்ளும். அந்த உப்புநீரைக் குழாய் வழியே ஹாலைனுக்கு இறக்கி, பெரிய இரும்புச் சட்டிகளில் காய்ச்சுவார்கள். காய்ச்ச விறகு வேண்டும். அது சால்ஸாக் ஆற்றில் மிதந்துவரும். காய்ந்த உப்பு அதே ஆற்றில் படகேறி வடக்கே போகும். மலை, காடு, ஆறு மூன்றும் பேராயருக்கே சொந்தம். நேற்றுப் பார்த்த நீரூற்றுகளுக்கும் பளிங்குத் தரைக்கும் பணம் வந்த வழி இந்த ஈரச் சுவர்தான். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

இந்த மலைவாசிகளில் பலர் மார்ட்டின் லூத்தரின் புராட்டஸ்டன்ட் வழியை இரகசியமாகப் பின்பற்றியவர்கள். வீட்டில் பைபிளை ஒளித்துவைத்து வாசித்து, ஞாயிறன்று மற்றவர்களோடு பூசைக்கும் போய்வந்து, தலைமுறைகளைக் கடத்தினார்கள். 1731 அக்டோபர் 31 என்று தேதியிட்ட ஆணையில் பேராயர் லியோபோல்ட் அன்டோன் ஃபிர்மியான் அவர்களை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். நிலமற்ற கூலிகளுக்கும் பணியாட்களுக்கும் எட்டு நாள் கெடு. சொத்துள்ளவர்களுக்கு அதிகபட்சம் மூன்று மாதம். பேரரசின் சட்டப்படி மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கவேண்டும்; கிளர்ச்சிக்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார். குளிர்காலத்தில் வெளியேறத் தொடங்கினார்கள். மொத்தம் ஏறக்குறைய இருபதாயிரம் பேர். பெரும்பாலோரைப் பிரஷ்ய அரசர் முதலாம் ஃபிரெடரிக் வில்லியம் அழைத்துக் கிழக்குப் பிரஷ்யாவில் குடியேற்றினார். டூர்ன்பெர்க் சுரங்கத் தொழிலாளரும் குடும்பத்தாருமாக நூற்றுக்கணக்கானோர் நெதர்லாந்துக்குப் போனார்கள்.

ஒரு சிறு கூட்டம் கடல் கடந்து 1734-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் எபனேசர் என்ற ஊரை உருவாக்கியது. அவர்களுக்குப் போதகராகப் போன போல்ட்சியுஸ், ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்த ஃபிராங்கே அறநிலையத்தில் ஆசிரியராக இருந்தவர். அதே ஹாலேயில் கற்றுவிட்டுத்தான் 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழில் அச்சேறிய புதிய ஏற்பாடு அங்கிருந்து கிளம்பிய பணியின் விளைச்சல். ஆக, ஆல்ப்ஸ் மலை உப்புத்தொழிலாளியையும் தரங்கம்பாடித் தமிழரையும் பற்றிய கடிதங்கள் ஒரே அறநிலையத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இந்தத் தொடர்பு இன்று சுரங்கத்துக்குள் இருட்டில் நிற்கும்போது நினைவுக்கு வந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. கயல் சறுக்கில் இரண்டாம் முறை போகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் – ரயிலில், பின் வூர்ட்ஸ்பர்க்

இடையில் நான் தேநீர் வாங்கப் போனதால் இணைப்பு ரயிலைத் தவறவிட்டோம். ஒரு மணி நேரம் நடைமேடையில் காத்திருக்கும்போது கயல் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டாள். சொன்னதைச் சுருக்கமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

பத்தாம் நூற்றாண்டில் பேரரசர் முதலாம் ஓட்டோவுக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் ஒரு தலைவலி இருந்தது. ஒரு பிரபுவுக்கு நிலம் கொடுத்தால் அவன் மகன் அதைத் தன் பரம்பரைச் சொத்தாக்கிக்கொள்வான். மூன்றாம் தலைமுறையில் பேரரசரையே எதிர்ப்பான். ஆயருக்குக் கொடுத்தால் அவர் இறந்ததும் நிலம் கைக்குத் திரும்பும். அடுத்தவரையும் தானே நியமிக்கலாம். ஆயர் எழுதப்படிக்கத் தெரிந்தவர், கணக்குப் பார்ப்பவர், போருக்கு ஆள் அனுப்பவும் கூடியவர். இந்தக் கணக்கு போப்புக்குப் பிடிக்கவில்லை. 1122-இல் வோர்ம்ஸ் நகரில் ஓர் உடன்பாடு வந்தது: மோதிரமும் மேய்ப்புக்கோலும் திருச்சபை கொடுக்கும், நாடாளும் உரிமைக்கு அடையாளமாகச் செங்கோலைப் பேரரசர் கொடுப்பார். ஒரே மனிதருக்கு இரண்டு பேர் இரண்டு கோல்களைக் கொடுத்தார்கள். 1220-இல் இரண்டாம் ஃபிரெடரிக், நாணயம், சுங்கம், நீதிமன்றம் ஆகிய உரிமைகளை அவர்களுக்கு உறுதிசெய்தார். 1356-இல் வந்த பொன்முத்திரை ஆணைப்படி பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எழுவரில் மூவர் பேராயர்கள்: மைன்ட்ஸ், கொலோன், டிரியர்.

விந்தைகளும் உண்டு. முப்பதாண்டுப் போரை முடித்த 1648 அமைதி உடன்படிக்கைக்குப் பின் ஓஸ்னாபுரூக் நாட்டில் கத்தோலிக்கர் ஒருவர், அவருக்குப்பின் புராட்டஸ்டன்ட் ஒருவர் என்று மாறிமாறி ஆளவேண்டும் என்று முடிவானது. அந்த முறையில் 1764-இல் ஆயராகத் தேர்வானவர் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் இரண்டாவது மகன். வயது ஆறு மாதம் சொச்சம். "தொட்டில்லயே தொப்பி வச்சுட்டாங்களா?" என்று கயல் சிரித்தாள். இந்த இனம் முழுவதும் அழிந்துவிடவுமில்லை: பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலுள்ள அண்டோராவுக்கு, 1278-இல் செய்த ஏற்பாட்டின் வழியே, இன்றும் ஊர்ஜெல் ஆயர் இரண்டு அரசத் தலைவர்களில் ஒருவர்.

வூர்ட்ஸ்பர்க் சேர்ந்தபோது மூன்று மணி. நேரே பேராலயத்துக்குப் போனோம். நடுக்கூடத்தின் தூண்களில் ஆயர்களின் கல்லறைச் சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. படுத்திருக்கவில்லை, நம்மைப் பார்த்து நிற்கின்றன. ஒரு கையில் மேய்ப்புக்கோல். மறு கையில் வாள்.

அவற்றில் ஒன்றின் முன் அரைமணி நேரம் நின்றுவிட்டேன். ருடோல்ஃப் ஃபோன் ஷேரென்பெர்க், 1466 முதல் 1495 வரை ஆண்டவர். இறக்கும்போது தொண்ணூறைத் தாண்டியிருந்தார். முன்னோர் வைத்துவிட்டுப்போன கடனை அடைத்து நாட்டை மீட்டவர். டில்மன் ரீமென்ஷ்னைடர் அவரைச் செம்பளிங்கில் செதுக்கியிருக்கிறார். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. கழுத்துத் தோல் மடிந்து தொங்குகிறது. கண்ணுக்குக் கீழே பை. மணிகள் பதித்த தொப்பி அந்தச் சிறிய முகத்தை அழுத்துவதுபோல் இருக்கிறது. வாளைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தால் ஓங்குவதற்குப் பிடித்ததாகத் தெரியவில்லை. கொடுத்த பொருளைக் கீழே வைக்க இடமில்லாமல் பிடித்துக்கொண்டிருப்பதாகவே எனக்குப் பட்டது. செதுக்கிய கையின் கதி வேறு: 1525 உழவர் போரில் நகரமன்றம் ஆயருக்கு எதிராக நின்றது, தோல்விக்குப்பின் மன்றத்திலிருந்த ரீமென்ஷ்னைடரை ஆயர் கோன்ராட் ஃபோன் தூங்கெனின் ஆட்கள் மலைக்கோட்டையில் அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். ஓர் ஆயருக்குக் கல்லில் உயிர் கொடுத்தவரை இன்னோர் ஆயர் அப்படி நடத்தினார்.

இங்கே ஒரு பழைய வழக்கம் இருந்தது. ஆயர் இறந்தால் உடல் பேராலயத்துக்கு, குடல் மலைக்கோட்டைக் கோயிலுக்கு, இதயம் எப்ராக் மடத்துக்கு என்று மூன்று இடங்களில் அடக்கம் செய்வார்கள். இரட்டைப் பதவி வகித்தவருக்கு மரணத்திலும் ஓரிடம் போதவில்லை.

ஐந்தாம் நாள் – வூர்ட்ஸ்பர்க் அரண்மனை

காலையில் மாரியன்பெர்க் மலைக்கோட்டை. மைன் ஆற்றுப் பாலத்தைக் கடந்து திராட்சைத் தோட்டத்தின் ஓரமாக ஏறினோம். பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து 1719 வரை ஆயர்கள் மேலேயே வாழ்ந்தார்கள். இங்கே ஆண்டவர்களில் ஜூலியுஸ் எக்டர் (1573–1617) பற்றி எனக்கு ஒரு தீர்மானமான கருத்துக்கு வர இயலவில்லை. 1576-இல் அவர் தொடங்கிய ஏழைகளுக்கான மருத்துவமனை இன்றும் நடக்கிறது. அதன் செலவுக்கென்று எழுதிவைத்த திராட்சைத் தோட்டங்களின் மதுவை நேற்றிரவு உணவகத்தில் அடுத்த மேசையில் குடித்துக்கொண்டிருந்தார்கள். 1582-இல் பல்கலைக்கழகத்தை மீண்டும் நிறுவியவரும் அவரே. லூத்தரன் குடிமக்களை மதம் மாறு அல்லது வெளியேறு என்று விரட்டியவரும் அவரே. அவர் வளர்த்துவிட்ட கடுமை, சில ஆண்டுகளில் ஃபிலிப் அடோல்ஃப் ஃபோன் ஏரென்பெர்க் (1623–1631) கையில் சூனியக்காரர் வேட்டையாகி, நூற்றுக்கணக்கானோரை எரித்தது. குழந்தைகளும் அதில் இருந்தார்கள். 1642-இல் ஆட்சிக்கு வந்த யோஹான் ஃபிலிப் ஃபோன் ஷோன்போர்ன் அந்த வழக்குகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

இந்த ஷோன்போர்ன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் அரண்மனைக்குள் நுழைய முடியாது. மகனுக்குப் பட்டம் கொடுக்க முடியாதவர்கள் உடன்பிறந்தார் பிள்ளைகளை வளர்த்தார்கள். யோஹான் ஃபிலிப் மைன்ட்ஸ் பேராயராகவும் உயர்ந்தார். அவருடைய தம்பி மகன் லோதார் ஃபிரான்ட்ஸ், பாம்பெர்க் ஆயர், மைன்ட்ஸ் பேராயர். அவருடைய அண்ணன் பிள்ளைகளில் ஒருவர் வூர்ட்ஸ்பர்க், ஒருவர் பாம்பெர்க்கும் வூர்ட்ஸ்பர்க்கும் சேர்த்து, ஒருவர் ஷ்பயர், ஒருவர் டிரியர். உறவினருக்குச் சலுகை காட்டுவதைக் குறிக்கும் நெப்போட்டிசம் என்ற சொல்லே இலத்தீனில் உடன்பிறந்தார் மகனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. இந்த வம்சாவளியைப் பார்த்தால் வேறு அகராதி தேவையில்லை. கட்டடப் புழு தன்னை அரிக்கிறது என்று லோதார் ஃபிரான்ட்ஸ் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வாராம். அந்தப் புழு பிள்ளைகளுக்கும் தொற்றியது.

1720-இல் யோஹான் ஃபிலிப் ஃபிரான்ட்ஸ் ஃபோன் ஷோன்போர்ன் மலையிலிருந்து இறங்கி, நகருக்குள் அரண்மனைக்கு அடிக்கல் நாட்டினார். முந்தைய ஆட்சியில் கையாடல் செய்த அதிகாரி ஒருவரிடமிருந்து வழக்காடி மீட்ட பெருந்தொகை முதலுக்கு உதவியது. கட்டட வல்லுநர் பால்தசார் நோய்மன். பீரங்கிப் படைப் பொறியாளராகத் தொழில் கற்றவர். அவர் அமைத்த படிக்கட்டு மண்டபத்துக்கு நடுவில் ஒரு தூணும் இல்லை. சுமார் பதினெட்டு மீட்டர் அகலமும் முப்பது மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள கல்வளைவு தானே நிற்கிறது. அப்போதே விழுந்துவிடும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 1945 மார்ச் 16 இரவு இருபது நிமிடக் குண்டுவீச்சில் நகரம் ஏறக்குறைய முழுவதும் எரிந்து, அரண்மனைக் கூரையும் சாம்பலான பிறகு பார்த்தால், வளைவு அப்படியே நின்றது. அமெரிக்கப் படையின் ஜான் ஸ்கில்டன் என்ற அதிகாரி மழை நீர் இறங்காமலிருக்க அவசரமாகத் தற்காலிகக் கூரை போடச்செய்தார்.

படியேறத் தொடங்கும்போது மேலே வானத்தின் ஒரு துண்டு மட்டுமே தெரிகிறது. திரும்பி மேலேறும்போது ஓவியம் சிறிது சிறிதாகத் திறக்கிறது. வெனிஸிலிருந்து வந்த தியெப்போலோ 1752, 1753 ஆண்டுகளில் தீட்டியது. நான்கு சுவர் ஓரங்களிலும் நான்கு கண்டங்கள்: அமெரிக்கா முதலைமேல், ஆப்பிரிக்கா ஒட்டகத்தோடு, ஆசியா யானைமேல். ஐரோப்பாவின் பக்கத்தில் அரண்மனையின் தலைமகன் ஆயர் கார்ல் ஃபிலிப் ஃபோன் கிரைஃபென்கிளாவின் முகத்தைச் சட்டத்துக்குள் வைத்து வானுலகத்துக்குத் தூக்கிச் செல்கிறார்கள். உலகமே வந்து வணங்குவதாக ஓவியம் சொல்கிறது. அவருடைய நாட்டின் எல்லையைக் குதிரையில் ஓரிரு நாளில் கடந்துவிடலாம். ஓரத்தில் பீரங்கியின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் நோய்மன். கூட்டத்தில் வேலை செய்த களைப்பு தெரியும் ஒரே முகம் அவருடையது.

அடுத்த மண்டபத்தில் பேரரசர் பார்பரோசா 1168-இல் ஆயர் ஹெரோல்டுக்குக் கோமகன் உரிமையை வழங்கும் காட்சி. வூர்ட்ஸ்பர்க் மட்டுமே வாளாலும் குருவின் தோள்துண்டாலும் நீதி வழங்குகிறது என்று இலத்தீனில் ஒரு சொலவடை அதிலிருந்து வந்தது. மேய்ப்புக்கோலின் கீழ் வாழ்க்கை நல்லது என்று ஜெர்மனில் இன்னொன்று உண்டு: ஆயர் நாடுகளில் பெரும் போர் குறைவு, வரி மிதம், தேவாலய வேலைகளால் கைத்தொழிலாளிக்குப் பிழைப்பு. சொலவடையைச் சொன்னது யார் என்பதைப் பொறுத்தது என்று நினைக்கிறேன். சிற்பியும் பொற்கொல்லனும் சொல்லியிருக்கலாம். ஹாலைன் சுரங்கக்காரன் சொல்லியிருக்கமாட்டான்.

ஆறாம் நாள் – பாம்பெர்க்

வூர்ட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு மணி நேரம். ஊர் ரெக்னிட்ஸ் ஆற்றின் இரு கிளைகளில் படர்ந்திருக்கிறது. பழைய நகரமன்றம் ஆற்றின் நடுவில், பாலத்தின்மேல் நிற்கிறது. மேட்டில் ஆயர் நிலம் தர மறுத்ததால் நகரத்தார் தண்ணீரில் கட்டினார்கள் என்று ஊர்க்கதை.

பேராலயத்தில் பேரரசர் இரண்டாம் ஹென்றியும் அரசி குனிகுண்டேவும் படுத்திருக்கிறார்கள். கல்லறையைச் செதுக்கியவர் அதே ரீமென்ஷ்னைடர். ஹென்றிக்குக் குழந்தை இல்லை. 1007-இல் பிராங்க்ஃபர்ட்டில் ஆயர்கள் கூடியபோது, வாரிசுக்கு வழியில்லாததால் கடவுளையே வாரிசாக்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாம்பெர்க் மறைமாவட்டத்தை உருவாக்கினார் என்று அக்காலக் குறிப்பு சொல்கிறது. இத்தனை நாளாக நான் பேசிவந்த விஷயம் இங்கே கல்லாகக் கிடந்தது: வாரிசில்லாத பேரரசர், வாரிசிருக்கக் கூடாத ஆட்சியாளர்களிடம் தன் சொத்தை ஒப்படைத்த இடம். மேற்குப் பக்கத்தில் இரண்டாம் கிளமெண்ட் போப்பின் கல்லறை. பாம்பெர்க் ஆயராக இருந்து போப்பானவர், 1047-இல் இறந்தபின் இங்கேயே கொண்டுவரப்பட்டார்.

வெளியே வந்தபின் நடை கனத்தது. 1626 முதல் 1631 வரை இந்த ஊரில் நடந்ததைப் படித்துவிட்டு இந்தத் தெருக்களில் சாதாரணமாக நடக்க முடியாது. ஆயர் யோஹான் கேயோர்க் ஃபுக்ஸ் ஃபோன் டோர்ன்ஹைம், சூனியக்காரர்களை அடைப்பதற்கென்றே 1627-இல் தனிச்சிறை கட்டினார். இறந்தோர் பலநூறு பேர். ஆயிரம் என்றும் கணிப்பவர்கள் உண்டு. ஏழைக் கிழவிகள் மட்டுமல்லர், நகரமன்றத்துப் பெரியவர்களும் போனார்கள். சாகிறவரின் சொத்து அரசுக்குப் போகும். அந்த நாட்டில் குற்றம் சாட்டுபவரும் நீதிபதியும் சொத்தை எடுத்துக்கொள்பவரும் பாவமன்னிப்புக்குத் தலைவரும் ஒரே ஆள். முறையிட வேறு வாசலே இல்லை என்பதுதான் அந்த இரட்டைப் பதவியின் ஆகக் கொடிய முகம். நகரத் தலைவராயிருந்த யோஹான்னெஸ் யூனியுஸ், விரல்கள் நசுக்கப்பட்ட கையால் 1628 ஜூலையில் மகள் வெரோனிகாவுக்கு ஒரு கடிதம் எழுதி இரகசியமாக அனுப்பினார்: தான் குற்றமற்றவன், வலி தாங்காமல் சொன்னதெல்லாம் பொய், வதைத்தவனே இரக்கப்பட்டு ஏதாவது சொல்லிவிடும்படி கெஞ்சினான், நீ இந்தக் கடிதத்தை மறைத்து வை என்று. அடுத்த மாதம் அவரைக் கொன்றார்கள். கடிதம் மகளிடம் போய்ச் சேர்ந்ததா என்று எண்ணியபடியே சிறை இருந்த தெருவைக் கடந்தோம். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. கயல் வெகுநேரம் பேசவில்லை.

அதே நாற்காலியில் நூற்றைம்பது ஆண்டு கழித்து ஃபிரான்ட்ஸ் லூட்விக் ஃபோன் எர்டால் (1779–1795) உட்கார்ந்தார். பாம்பெர்க்கையும் வூர்ட்ஸ்பர்க்கையும் சேர்த்து ஆண்டவர். அரண்மனை கட்டவில்லை, 1789-இல் பொது மருத்துவமனை கட்டினார், அதில் வீட்டு வேலையாட்களும் தொழிற்பயிற்சி பெறும் இளைஞர்களும் சிறுதொகை கட்டிச் சிகிச்சை பெற வழிசெய்தார். அந்தக் கட்டடம் இன்று தங்கும் விடுதி. ஆள் நல்லவராயிருந்தால் நாடு நன்றாயிருந்தது என்பதற்கு அவரே சான்று. அதற்குமேல் அந்த ஆட்சிமுறையிடம் உறுதிமொழி ஏதும் இல்லை.

முடிவு விரைவாக வந்தது. ரைன் ஆற்றின் இடக்கரையை நெப்போலியனின் பிரான்சிடம் இழந்த அரசர்களுக்கு ஈடுகட்ட வேண்டியிருந்தது. ஆயர்களின் நாடுகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். 1802-இலேயே பவேரியப் படை பாம்பெர்க்குக்குள் வந்துவிட்டது. கடைசி அரச ஆயர் கிறிஸ்டோஃப் ஃபிரான்ட்ஸ் ஃபோன் பூசெக் பதவி விலகினார். 1803 பிப்ரவரி 25-இல் பேரரசின் தீர்மானம் அதைச் சட்டமாக்கியது. ஹென்றியின் பெயரால் வழங்கும் கிரீடம் மியூனிக் கருவூலத்துக்குப் போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. விண்மீன்கள் தைத்த அவருடைய நீலப் போர்வை மட்டும் பாம்பெர்க்கில் தங்கியது.

மாலையில் லோதார் ஃபிரான்ட்ஸ் கட்டிய புதிய அரண்மனையின் ரோஜாத் தோட்டத்தில் உட்கார்ந்து காபி குடித்தோம். கீழே ஊரின் சிவப்புக் கூரைகள். நிலத்தை எடுத்துக்கொண்ட அரசுகள், அதற்கு ஈடாகத் திருச்சபைகளுக்குப் பணம் கொடுப்பதாக அன்று ஏற்றுக்கொண்டன; பவேரிய மாநிலம் ஆயர்களின் சம்பளத்தை இன்றும் கொடுக்கிறது, ஜெர்மனி முழுவதும் சேர்த்து ஆண்டுக்கு ஐம்பது கோடி யூரோவுக்கு மேல் போகிறது, அது திருச்சபை உறுப்பினர்கள் தனியாகக் கட்டும் வரி அல்ல, எல்லாருடைய பொதுவரியிலிருந்தும் எடுப்பது என்று சொன்னேன்.

கயல் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்போ என் சம்பளத்துல பிடிக்கிறதுலேர்ந்தும் போகுதா, மாமா?"

போகிறது என்றேன். திரும்பி அரண்மனையை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு காபிக்கான தொகையையும் அவளே கொடுத்தாள்.